ஆள் பிடிக்கும் வேலையும் ஒரு தாழ்ப்பாளும்

கட்டடம் எழுப்புவது கூடச் சுலபம். அதில் வேலை செய்ய ஓர் இளம் பட்டதாரியைப் பிடிப்பதுதான் பெரும்பாடு.

பினாங்கில் ஒரு கட்டுமானக் கம்பெனிக்கு எட்டு வருஷமாக ஆள் எடுத்துத் தருகிறேன். என்னைப் போல ஆள் தேடி அலைகிறவர்களுக்கு மீதிக் கதை சொல்லாமலே புரியும். எங்கள் சுங்கை பினாங் சைட்டில் இருந்த எஞ்சினியர் ஃபேக்டரி வேலைக்குப் போய்விட்டார். சைட் மேனேஜர் மிஸ்டர் லிம் மூட்டுவலியோடு இரண்டு பேர் வேலையை இழுத்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மாடி, லிஃப்ட் இன்னும் வரவில்லை. அவர் ஃபோன் வந்தாலே எனக்குக் குற்ற உணர்ச்சியாக இருக்கும்.

சனிக்கிழமை

முதலில் வந்தவன் பிரவின். கெட்டிக்காரப் பையன். கம்பெனியின் விளம்பர வண்ணப் புத்தகத்தை விரித்து, கட்டி முடித்த கோபுரங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை வேலை உண்டா என்று கேட்டான். அரை நாள்தான் என்றேன். எங்கள் தொழிலில் அரை நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு முடியும் என்பதை விழுங்கிவிட்டேன். அவனுக்கு அது எப்படியோ தெரிந்திருந்தது.

"சோரி அக்கா, பேக்டரியில சனிக்கிழமை லீவு லா. அன்னிக்குத்தான் எங்க டீமுக்கு ஃபுட்சால் மேட்ச்."

அப்பா

அடுத்தவனை டத்தோ கிராமாட் பகுதியிலிருந்து அவன் அப்பாவே அழைத்து வந்தார். பையனுக்கு ஆசை இருந்தது. வரைபடத்தைக் கண்டதும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். அப்பா மட்டும் மேசைமேல் இருந்த பாதுகாப்புத் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கைகளைக் கவனித்தேன், காய்த்துப்போயிருந்தன. எழுந்து போகும்போது மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னார்.

"தங்கச்சி, இருவது வருஷம் நான் சைட்டுல சிமெண்டு தூக்கிட்டேன். இவனாச்சும் ஏர்கோன்ல உக்காரட்டும்மா."

ஒரே ஒரு கேள்வி

மூன்றாவதாக வந்தவள் யாழினி. சம்பளம், சனிக்கிழமை எதையும் கேட்கவில்லை. "சைட்டுல பொம்பளைங்களுக்கு டாய்லெட் இருக்கா அக்கா?" என்றாள். இருக்கிறது என்றேன். "பாக்கலாமா?" என்றாள். என் காரிலேயே கூட்டிப் போனேன்.

கதவில் பெண் படம் ஒட்டியிருந்தது. திறந்தால் உள்ளே சிமெண்டு மூட்டைகள், ஒரு தள்ளுவண்டி. கதவுக்குத் தாழ்ப்பாளே இல்லை. எட்டு வருஷமாக ஆள் எடுக்கிறேன், நானும் ஒரு பெண், ஒருநாளாவது இந்தக் கதவைத் திறந்து பார்த்திருப்பேனா? வெட்கமாகப் போய்விட்டது. இவளும் போச்சு என்றே முடிவுகட்டினேன். மிஸ்டர் லிம் நொண்டிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார். சுற்றி வேலையாட்கள் நின்றிருந்தார்கள். காண்ட்ராக்டரைக் குறை சொல்வார், ஸ்டோர்காரரைக் குறை சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் மலாயில் சொன்னது இவ்வளவுதான்:

"இது என் தப்பு. வியாழக்கிழமை மறுபடியும் வந்து பாரும்மா."

வியாழக்கிழமை

வந்தாள். மூட்டைகள் போய், விளக்கு வந்திருந்தது. பை மாட்ட ஒரு கொக்கி, ஒரு சின்னக் கண்ணாடி, புதுத் தாழ்ப்பாள். யாழினி உள்ளே போய் அதை இரண்டு தடவை போட்டுப் பார்த்தாள். வேலை ஒப்பந்தத்தை அங்கேயே என் காரின் பானட்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். இப்போது மேல்மாடிகளுக்கு அவள்தான் ஏறுகிறாள். மிஸ்டர் லிம் கீழே உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறார்.

மூன்று மாதம் கழித்து, வேறு இரண்டு கம்பெனிகளும் கூப்பிட்டும் எங்களிடம் ஏன் வந்தாள் என்று கேட்டேன். தாழ்ப்பாளைச் சொல்வாள் என்றுதான் நினைத்தேன்.

"அதில்ல அக்கா. படிக்கறப்ப நான் பிராக்டிக்கல் செஞ்ச கம்பெனியில யாரு தப்பு பண்ணாலும் என் தலையிலதான் கட்டுவாங்க. இவரு அத்தன பேரு முன்னாடி 'என் தப்பு'ன்னாரு பாருங்க, அப்பவே முடிவு பண்ணிட்டேன் லா."

அடுத்த வண்ணப் புத்தகத்தின் அட்டையில் கோபுரத்துக்குப் பதில் அந்தக் கழிப்பறைக் கதவைப் போடலாமா என்று முதலாளிக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன், இதுவரை பதில் இல்லை.