பழனியாத்தாள் கட்டிய வீட்டு வரி

கணபதிப் பகுதியில் என் லேத் பட்டறை இருந்த தெருவுக்குள் பில் கலெக்டரின் சைக்கிள் நுழைந்தால் போதும், பாதி வீடுகளில் ஆள் இருக்காது. சொந்த வீடும் வாடகைக்கு விட்ட நாலு லைன் வீடும் வைத்திருப்பவர்கள்தான் முதலில் மறைவார்கள். வரி கட்டுவதென்றால் எங்கள் தெருக்காரர்களுக்குப் பல்லைப் பிடுங்கக் கொடுப்பது மாதிரி. பழனியாத்தாள் ஒருத்திதான் வரி ஆபீசைத் தேடிப் போய்க் கட்டினாள். இத்தனைக்கும் அவளுக்குச் சொந்தமாக ஒரு சாண் மண் கிடையாது.

அவிநாசிப் பக்கம் ஒரு தோட்டத்தில் கூலி வேலை செய்துகொண்டிருந்தவள். கிணறு வற்றி, தோட்டக்காரர் இனி ஆள் வேண்டாம் என்றதும், புருஷன் ஐயாசாமியோடும் கைக்குழந்தை செவ்வந்தியோடும் பஸ் ஏறி வந்தாள். இருவருக்கும் இரும்பு வார்க்கும் பவுண்டரியில் மண் சுமக்கும் வேலை கிடைத்தது. என் பட்டறைக்குப் பின்னால் ஓடும் சாக்கடைப் பள்ளத்தின் மேட்டில், புறம்போக்கில், இவர்களைப் போல வந்தவர்கள் வரிசையாகக் குடிசை போட்டிருந்தார்கள். இவர்களும் போட்டார்கள். சிறுகச் சிறுக மண்சுவர் செங்கல் சுவரானது, ஓலை போய் ஓடு வந்தது. ஓடு வந்ததும் பில் கலெக்டரும் வந்தார். கதவில் ஒரு நம்பர் தகரத்தை அடித்தார். ஐயாசாமி நெஞ்சு கெட்டுப் படுத்துக் கிடந்ததால் வரியைப் பழனியாத்தாள் பேரில் போட்டார். பிறந்ததிலிருந்து அவள் பேரில் எதுவும் இருந்ததில்லை. அவள் தாலிக்கொடிகூட அடகுக் கடையில் புருஷன் பேரில்தான் இருந்தது.

அதனால் அந்த வரி அவளுக்குப் பாரமாகவே தெரியவில்லை. ஐயாசாமி அந்த வீட்டிலேயே செத்துப்போன பிறகும், அரையாண்டு பிறந்த உடனே, துவைத்த சேலையை உடுத்திக்கொண்டு கட்டப் போய்விடுவாள். திரும்பும் வழியில் பட்டறைக்குள் வந்து ரசீதை என்னிடம் நீட்டுவாள்.

"எம்பட பேருதானுங்களே தம்பி?"

"உங்க பேருதானுங்க்கா. ஆனா இது பட்டா இல்லீங்க. செவுத்துக்கும் ஓட்டுக்கும் போட்ட வரி. எடம் சர்க்காருதுதான்."

"அட போங்க தம்பி. ஊடு நம்மளுது இல்லீன்னா எதுக்குங்க காசு வாங்கறாங்க?"

ரசீதை மடித்து அவள் கையில் கொடுத்துவிட்டு நான் லேத்துக்குத் திரும்புவேன்.

தொண்ணூற்றாறு ஏப்ரலில் போனவள் காசோடு திரும்பி வந்தாள்.

"வாங்கமாட்டேங்கறாங்க தம்பி. நம்ம வரிசைக்கே இனி வரி வாங்கக் கூடாதுன்னு உத்தரவாமா."

அது தேர்தல் நேரம். சுவர் முழுக்கச் சின்னம், தெரு முழுக்க மைக். வரியைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள் என்று பள்ளத்து மேடே முடிவு கட்டிவிட்டது. வீட்டுக்கு ஒரு படி அரிசி போட்டு மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள். எனக்கும் ஒரு தூக்குப்போசி நிறையப் பொங்கல் வந்தது. மடையன், நானும் ருசித்துத் தின்றேன். பழனியாத்தாள் மட்டும் தொடவில்லை.

"வாங்கிப் பழகுன கை எதுக்குங்க திடீர்னு மடங்குது?" என்றாள்.

அவள் பயந்ததே நடந்தது. பள்ளத்தை அகலப்படுத்த மேட்டைக் காலி செய்யச் சொல்லி ஜூனில் நோட்டீஸ் ஒட்டினார்கள். இடிக்கப் போகிற வீட்டுக்கு எதற்கு ரசீது என்றுதான் காசை வாங்காமல் இருந்திருக்கிறார்கள். அத்தனை வருஷத்து ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு அவள் அதிகாரியைப் பார்க்கப் போனாள். துணைக்கு நானும் போனேன். அவர் பொல்லாத மனிதர் அல்ல. ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, பொறுமையாகவே சொன்னார்.

"கட்டடம் உங்களுதுதாம்மா, யாரு இல்லைன்னா? எடம்தான் சர்க்காருது. கட்டடத்த எடுத்துக்கிட்டுப் போயிருங்க."

பழனியாத்தாள் ஓட்டை இறக்கினாள். கதவையும் நிலையையும் பெயர்த்துக் கிடைத்த விலைக்குத் தள்ளினாள். செங்கல்லைப் பெயர்ப்பதற்குள் புல்டோசர் வந்துவிட்டது. செவ்வந்தியை அவிநாசியில் கட்டிக் கொடுத்திருந்தாள். மகளுடைய வாடகை ரூமில் ஒரு மூலைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

அடுத்த ஏப்ரலில் பில் கலெக்டர் என் பட்டறைக்கு வந்து ஒரு டிமாண்ட் நோட்டீசை நீட்டினார். பழனியாத்தாள், பள்ளத்து மேடு, இரண்டு அரையாண்டு பாக்கி. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"கட்ட வந்தவங்களைத் தொரத்தி உட்டது நீங்கதானுங்களே!" என்று கத்தினேன்.

"அந்த உத்தரவு வேற, இந்தக் கணக்கு வேறங்க" என்று அவர் தலையைச் சொறிந்தார். "பேரு இன்னும் ரிஜிஸ்டர்ல இருக்குது. கட்டடம் இல்லைன்னு அந்தம்மா எழுதிக் குடுத்தா அடிச்சுருவாங்க. அப்பறம் வரி வராது."

நானே மனுவை எழுதி வைத்துவிட்டு அவளுக்குச் சொல்லி அனுப்பினேன். மறுநாளே வந்துவிட்டாள். பாதி உடம்பாக இளைத்திருந்தாள். ஆபீசுக்குக் கூட்டிப்போய், மனுவை மேஜைமேல் விரித்து, மைப்பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"இதுல கைநாட்டு வெச்சாப் போதுமுங்க்கா. பாக்கியும் கெடையாது. பேர எடுத்துருவாங்க."

நீட்டிய கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"எடுத்துப்போடுவாங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கிளார்க்கிடம் திரும்பினாள். சுருக்குப்பையிலிருந்த காசை மேஜைமேல் கொட்டினாள்.

"பேர எடுக்காதீங்க சாமி. பாக்கிய இப்பவே கட்டிப்போடறேன்."

"ஏம்மா, இல்லாத ஊட்டுக்கா?"

"இருந்துச்சுல்லீங்க. எங்கூட்டுக்காரரு அதுலதானுங்க உசுர உட்டாரு. எங்கியாச்சும் ஒரு எடத்துல எழுதியிருக்கட்டுமுங்க."

கிளார்க் என்னைப் பார்த்தார். நான் மைப்பெட்டியை மூடி, மனுவை மடித்துக்கொண்டேன். அவர் காசை எண்ணாமலே ரசீது போட்டுக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அவள் இரண்டு வருஷம் உயிரோடு இருந்தாள். ஒவ்வொரு அரையாண்டும் அவிநாசியிலிருந்து பஸ் ஏறி வந்து, இல்லாத வீட்டுக்கு வரி கட்டிவிட்டுப் போனாள். அவள் காரியம் முடிந்த மறுவாரம் செவ்வந்தி வந்து, கட்டடம் இல்லையென்று எழுதிக் கொடுத்தாள்.