ஏழு டின் கறி

ஒரு வீட்டில் என்ன வாங்கினார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்பதை வெளியே சொல்லமாட்டோம் என்று எங்கள் புள்ளிவிவர அலுவலகத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். நானும் போட்டிருக்கிறேன். அதனால் இதில் வரும் பெண்ணின் பெயரையும் அவள் மகளின் பெயரையும் மாற்றிவிட்டேன். எந்தத் தெரு என்றும் சொல்லப்போவதில்லை. அப்படியும் பயமாகத்தான் இருக்கிறது. பெசியோ, கடல் நடுவே ஒரு தீவுநாட்டின் சின்னத் துறைமுக ஊர், ஒரு முனையில் தும்மினால் மறுமுனையில் கேட்கும். அந்த வீட்டுக்குக் கணக்கெடுக்கப்போன தாபெட்டாவின் பெயரை மட்டும் மாற்றவில்லை. வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். “என் பேரையாவது ஒழுங்கா எழுது” என்றார்.

தாபெட்டா அபெமாமாத் தீவில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் கப்பலேறித் தலைநகர்த் தீவான தாராவாவுக்கு வந்து, பெசியோவில் கூட்டுறவுக் கடையில் இருபது வருடம் அரிசி நிறுத்துக் கொடுத்தார். கணவர் வெளிநாட்டுச் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். கப்பல் கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது திரும்பி வந்து கடலைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். சர்க்கரை நோயில் ஒரு காலை எடுத்தார்கள். அடுத்த வருடம் அவரும் போய்விட்டார். கடையும் மூடிவிட்டது. இப்போது ஐம்பத்தோரு வயதில், வீட்டில் ஒன்பது பேர் சாப்பிட, தாபெட்டாவுக்கு இருக்கும் ஒரே வருமானம் எப்போதாவது வரும் கணக்கெடுப்பு வேலைதான். மக்கள்தொகை, மீன்பிடி, குடும்பச் செலவு என்று எது வந்தாலும் முதல் ஆளாய் வந்து பெயர் கொடுப்பார். எழுத்து முத்து முத்தாக இருக்கும். பிழையே இருக்காது. அவருடைய நோட்டுகள் கணினியில் ஏற்ற என் மேசைக்கு வந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் ஒரு வீட்டுக்குப் பதினான்கு நாள். வீட்டுக்காரி கையில் ஒரு பச்சை நோட்டைக் கொடுத்துவிடுவோம். வாங்கியது, விற்றது, வந்தது, கொடுத்தது எல்லாவற்றையும் அவள் எழுத வேண்டும். கணக்கெடுக்கிறவர் ஒன்றுவிட்டு ஒருநாள் போய், அவளோடு உட்கார்ந்து, விட்டுப்போனதைக் கேட்டுச் சேர்க்க வேண்டும். முதல் நாளைத் தவிர, ஆக ஏழு முறை. முதல் நாள் ஒரு தாளைப் படித்துக் காட்டுவது வழக்கம்: பதினான்கு நாளும் எப்போதும்போல இருங்கள், எங்களுக்காக எதையும் மாற்றாதீர்கள் என்று.

இந்தத் தாளை எழுதியவர்கள் யாரும் இங்கே ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போனதில்லை என்று நினைக்கிறேன்.

தெரேங்கா என்று வைத்துக்கொள்வோம். முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் மீன் பிடிக்கப்போய் வரவேயில்லை. மூன்று பிள்ளைகள். கடல் வற்றும் நேரத்தில் காயலுக்குள் இறங்கி, சேற்றைத் தோண்டிச் சிப்பி பொறுக்கி, சாலையோரத்தில் விற்பவள். மூத்தவள் ரூட்டாவுக்குப் பதின்மூன்று வயது. பரீட்சையில் நல்ல மதிப்பெண் வாங்கி, தபிதேவாத் தீவில் விடுதியோடு இருக்கும் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. கப்பல் கட்டணம் அறுபது டாலர், சோப்பு செருப்புக்குப் பன்னிரண்டு. ஒரு வருடமாகச் சிப்பி விற்றுச் சேர்த்த எழுபத்திரண்டு டாலர் துணிகளுக்கு நடுவில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. “இனிமே வரப்போற பெரிய செலவு ஏதாவது உண்டா?” என்ற கேள்விக்கு அவள் சொன்ன பதில் இது. கப்பல், கணக்கெடுப்பின் பதினான்காம் நாள் பிற்பகலில் கிளம்புவதாக இருந்தது. அதைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. பள்ளியில் காலியிடத்துக்குக் காத்திருக்கும் பட்டியல் நீளமானது.

முதல் நாள் போனபோது சோறும் அவித்த சிப்பியும் வைத்தாள். தாபெட்டா ருசித்துச் சாப்பிட்டார். தெரேங்காவுக்கு மட்டும் முகம் சுண்டிப்போனது. அரசாங்கத்திலிருந்து வந்த அம்மாவுக்குச் சேற்றுச் சிப்பி! அடுத்தமுறை போனபோது பாயில் டின் கறி, ரொட்டி, மைலோ.

“எதுக்கு தெரேங்கா இதெல்லாம்? போன தடவ மாதிரி சிப்பியே போதுமே.”

“நல்லா இருக்கே! நாளைக்கு ஊரெல்லாம் போய், தெரேங்கா வீட்டுல சேத்தத் தின்னேன்னு சொல்லவா? பேசாம சாப்பிடுங்க அக்கா. ரூட்டா, விசிறு!”

ரூட்டா பக்கத்தில் உட்கார்ந்து ஓலை விசிறியால் ஈ ஓட்டினாள். விருந்தாளி சாப்பிட்டு முடிக்கும்வரை வீட்டில் யாரும் கைவைக்கமாட்டார்கள். இளைய இரண்டும் சற்றுத் தள்ளி நின்று தட்டையே பார்த்துக்கொண்டிருந்தன.

ஆறாம் நாள் போனபோதுதான் தாபெட்டா நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். தெரேங்கா நேர்மையாக எழுதியிருந்தாள். இரண்டாம் நாள்: டின் கறி ஐந்து டாலர் ஐம்பது, ரொட்டி ஒன்று ஐம்பது. மூன்றாம் நாள்: மண்ணெண்ணெய் ஒரு போத்தல். நான்காம் நாள்: டின் கறி, ரொட்டி. ஐந்தாம் நாள்: எதுவுமில்லை. ஆறாம் நாள்: டின் கறி. தான் போகாத நாளில் அந்த வீட்டில் கறியே இல்லை. “இந்தக் காசு எங்கிருந்து வந்தது?” என்ற பத்தியில் எல்லா இடத்திலும் ஒரே பதில்: சேமிப்பு.

அன்றே போய் மேற்பார்வையாளர் பௌரோவிடம் கேட்டார், வேறு வீடு மாற்ற முடியுமா என்று. பௌரோவுக்கு இருபத்தாறு வயது. வெளிநாட்டில் படித்து வந்தவன்.

“அக்கா, அவங்க மாட்டேன்னு சொன்னாங்களா?”

“இல்ல.”

“செத்துட்டாங்களா?”

“வாயக் கழுவு.”

“அப்ப மாத்த முடியாது. நல்லா எழுதுற வீடு, நல்லா சோறும் போடுறாங்க, உங்களுக்கு என்ன குறை? எனக்குக் கெடச்ச வீட்டுல நாய அவுத்து விட்டாங்க.”

அதன்பின் தாபெட்டா தனக்குத் தெரிந்த தந்திரமெல்லாம் செய்து பார்த்தார். சாப்பாட்டு நேரம் தாண்டி மூன்று மணிக்குப் போனார். உணவு மூடி வைத்திருந்தது. பிள்ளைகள் மூன்று மணிவரை பட்டினி. அடுத்தமுறை உபவாசம் என்றார்.

“நீங்க புராட்டஸ்டன்ட்டுதானே அக்கா? உங்க சபையில எப்ப இருந்து உபவாசம்? பாஸ்டருக்குத் தெரியுமா?” என்று தெரேங்கா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, “எங்க வீட்டுச் சாப்பாடு புடிக்கலையா?” என்று கேட்டாள்.

தாபெட்டா சாப்பிட்டார்.

ஒரே ஒரு வழிதான் மிச்சம். இங்கே புபுசி என்று ஒன்று உண்டு. உறவோ பழக்கமோ உள்ள ஒருவர் வாய்விட்டு ஒன்றைக் கேட்டுவிட்டால் மறுக்க முடியாது. சைக்கிளோ சட்டையோ, கொடுத்தே ஆகவேண்டும். மறுப்பது கேவலம். ஆனால் கேட்காதவருக்குப் பணத்தை நீட்டுவது அதைவிடக் கேவலம்; உன்னிடம் ஒன்றுமில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது அது. தாபெட்டாவுக்குச் சம்பளம் கணக்கெடுப்பு முடிந்த பிறகுதான். அதனால் துறைமுகத்தில் வேலை செய்யும் தன் தம்பியிடம் போய் நாற்பது டாலர் கேட்டார். தம்பி முனகினான், கொடுத்தான். அந்த நாற்பதைப் பையில் வைத்துக்கொண்டு, தெரேங்கா கேட்கட்டும் என்று காத்திருந்தார்.

பன்னிரண்டாம் நாள் ஜாடையாகத் தொடங்கினார். “என் தம்பி நேத்துக் கொஞ்சம் காசு கொடுத்தான். கையிலதான் இருக்கு. செலவே இல்ல.”

“பத்திரமா வைங்க அக்கா. பெசியோவுல திருட்டு சாஸ்தி.”

பதினான்காம் நாள் காலையிலேயே போய்விட்டார். சாமான் எதுவும் கட்டி வைத்திருக்கவில்லை. மடித்த துணிகளுக்கு நடுவில் இருபத்தெட்டு டாலர் மிச்சம் என்று நோட்டு சொன்னது. அன்றைக்கும் டின் கறி, ஏழாவது.

தாபெட்டா பென்சிலைக் கீழே வைத்தார்.

“தெரேங்கா, என்னைக் கேளு.”

“என்ன கேக்க?”

“எதுன்னாலும் கேளு. நான் இல்லேன்னு சொல்லமாட்டேன். சொல்லவும் முடியாது. உனக்கே தெரியும்.”

தெரேங்காவுக்குப் புரிந்தது. பிறகு நோட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் இருக்கும் பத்தியை விரலால் தொட்டுக் காட்டினாள். மற்றவர்களிடமிருந்து வந்த பணம், பொருள்; யாரிடமிருந்து; எவ்வளவு.

“கேட்டா இதுல எழுதணும். நீங்கதானே சொன்னீங்க, ஒண்ணு விடாம எழுதணும்னு. கணக்கெடுக்க வந்தவங்ககிட்டயே கையேந்தினான்னு என் பேருக்கு நேரா எழுதி அரசாங்கத்துல வைக்கவா? சாதாரணமா ஒருத்தர்கிட்ட கேட்டா அது காத்தோட போயிரும் அக்கா. இது போகாது.”

“எழுதாத. நான் சொல்றேன், எழுதாத. இப்பவே மூடிட்டேன் பாரு, கணக்கு முடிஞ்சுது.” தாபெட்டா நோட்டை மூடித் தன் பைக்குள் வைத்தார்.

“இன்னும் ஒரு பகல் பாக்கி இருக்கே” என்றாள் தெரேங்கா. “பதினாலு நாள்னு வாக்குக் கொடுத்திருக்கேன். ஆறிப்போவுது, சாப்பிடுங்க. ரூட்டா, விசிறு.”

ரூட்டா விசிறினாள். அவளுக்கு எல்லாம் தெரியும் என்பது விசிறி அசையும் வேகத்திலேயே தெரிந்தது என்றார் தாபெட்டா. சாப்பிட்டாரா என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். “எல்லாத்தையும் தின்னேன். ஒரு பருக்கை வைக்கல. வச்சிருந்தா புள்ளைங்க தின்னிருக்கும். அது கூட எனக்குத் தோணல பாரு.”

பிற்பகலில் கப்பல் போனது.

நோட்டு என் மேசைக்கு வந்தபோது எனக்கு இவை எதுவும் தெரியாது. எண்களை ஏற்றியதும் அந்த வீட்டின் செலவு ரம்பத்தின் பல்போல ஏறி இறங்கியது. விசித்திரமாக இருக்கிறதே என்று நினைத்து, எந்த விதியும் மீறப்படாததால் அப்படியே விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்துத் தாபெட்டா வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

“அந்த டின் கறி எல்லாத்தையும் அடிச்சிடு.”

“அடிக்க முடியாது அக்கா. வாங்கினது வாங்கினதுதானே.”

“அது அவ செலவில்ல. என்னால வந்த செலவு.”

“சரி, எந்தத் தலைப்புல போடறது? விருந்துக்குன்னு தனித் தலைப்பு இல்ல. வீட்டுச் சாப்பாட்டுலதான் சேரும்.”

“உன் கம்ப்யூட்டர்ல அரிசிக்கு எடம் இருக்கு, சீனிக்கு எடம் இருக்கு. தாபெட்டா வயித்துக்கு எடம் இல்லையா?”

அவர் போன பிறகு, கதவைச் சாத்திவிட்டு, அந்த வரிகளை நீக்கிக் கூட்டிப் பார்த்தேன். நீக்கினால் அந்த வீடு வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கிறது. சேர்த்தால் மேலே, ஆளுக்கு வாரம் இரண்டு டாலர் எண்பது காசு மேலே. எங்கள் கணக்கில் ஒரு வீடு ஒரு வீடல்ல. அது தன்னைப்போன்ற இருபத்தாறு வீடுகளுக்காகப் பேசுகிறது. தாபெட்டா ஏழு முறை சாப்பிட்டதில் பெசியோவில் இருபத்தாறு குடும்பம் ஏழைகள் இல்லையென்று ஆகிவிட்டது. மற்ற நோட்டுகளையும் எடுத்துப் பார்த்திருக்கலாம். எத்தனை வீட்டில் இந்தப் பல் தெரிகிறது என்று எண்ணியிருக்கலாம். வெளிநாட்டிலிருந்து வந்த என் வேலை ஒப்பந்தமும் விசாவும் வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. அட்டவணை அச்சுக்குப் போக மூன்று வாரம்தான் இருந்தது. நீக்கிய வரிகளைத் திரும்பச் சேர்த்துச் சேமித்தேன். அறிக்கை வந்தபோது உணவுச் செலவு கூடியிருப்பதாகவும் இறைச்சி உண்பது பரவலாகியிருப்பதாகவும் எழுதியிருந்தார்கள். பக்கம் நாற்பத்தொன்று. அந்த வாக்கியத்தில் எழுத்துப்பிழை பார்த்தவன் நான்தான்.

தாபெட்டா நாற்பது டாலரைத் தம்பியிடம் திருப்பிக் கொடுக்கப்போனார். அவன் வாங்கவில்லை. அது அரிசியாகவும் மாவாகவும் ஒன்பது வயிற்றுக்குள் போயிற்று. பள்ளியில் ரூட்டாவின் இடத்தை அடுத்த பெண்ணுக்குக் கொடுத்துவிட்டதாக வானொலிச் செய்தியில் வாசித்தார்கள். வெளித்தீவுப் பள்ளிகள் இங்கே அப்படித்தான் தகவல் சொல்லும்.

மழைக்கு முன்னால் ஒருநாள் தெரேங்கா தாபெட்டாவின் வீடு தேடி வந்தாள். கணக்கெடுப்பு முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. பாயில் உட்கார்ந்து, இளநீர் குடித்து, ஊர்க்கதை எல்லாம் பேசினாள். கிளம்பும்போது கேட்டாள்.

“அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“கேளு” என்றார் தாபெட்டா. வீட்டில் இரண்டு டாலர்கூட இல்லை. தம்பியிடம் மறுபடி போகலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

“அந்தத் துணி தொவைக்கிற பெரிய அலுமினியச் சட்டியக் கொடுங்க. ரூட்டாவும் என்கூட சிப்பிக்கு வாறா. ஒரு சட்டிய வச்சுக்கிட்டு ரெண்டு பேரு எப்படிப் பொறுக்குறது?”

மறுக்க முடியாது. தாபெட்டா ஊறவைத்திருந்த துணிகளை எடுத்துத் தரையில் போட்டார். சோப்புத் தண்ணீரைக் கொட்டினார். சட்டியைக் கழுவித் துடைத்துக் கொடுத்தார்.

வேலிக்கு வெளியே நின்றிருந்த ரூட்டா வந்து அதை வாங்கினாள். தலைகீழாகப் பிடித்து, வெயிலுக்கு நேரே உயர்த்தி, எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

“ஓட்டை இல்லம்மா” என்றாள்.