நூத்துக்கு எத்தனை மார்க் உங்க மனசுக்கு?

அடுத்தவங்க மனசுக்கு மார்க் போட்டு வயிறு கழுவுற பொழப்பு இருக்கே, அது எந்த ஜென்மத்துக்கும் வரக்கூடாதுங்க.

கவுண்டர்ல உக்காந்து கேள்வி கேக்குறவங்க, கியூவில நின்னு பதில் சொல்லியே களைச்சவங்க, நீங்க ரெண்டு கட்சியும் நம்ம ஆளுதான். அதனால உங்ககிட்ட கொட்டுறேன். தொண்ணூறுகள்ல மலேசியாவுல, கிள்ளான்ல ஒரு மனநோய் கிளினிக்ல நான் அட்டெண்டன், எடுபிடி வேலை. தமிழ்ப்பள்ளியில ஆறாவதோட சரி. ஆனா வாய் மட்டும் எம்.ஏ. வரைக்கும் போயிடுச்சு. டாக்டர், நர்ஸ் மிஸ்ஸி, கேண்டீன்காரர், யாரு மாதிரி வேணும்னாலும் பேசிக் காட்டுவேன். அந்த வாயைப் பார்த்துத்தான் பெரிய டாக்டர் ஒரு நாள் கூப்பிட்டாரு. அவரும் தமிழர்தான், ஆனா தமிழ் அவர் வாய்க்குள்ள இடியப்பம் மாதிரி சிக்கிக்கும். "பாக்கியம், டமில் பேஷண்ட்டுக்கு இந்தக் கொஸ்டின் எல்லாம் நீ கேட்கணும் லா. ஆக்டிங் எல்லாம் வேணாம்"னு சொல்லி கேள்வி அச்சடிச்ச சீட்டுக் கட்டைக் கொடுத்தாரு.

மனச்சோர்வு வியாதி இருக்குறவங்க வாழ்க்கை எந்த லட்சணத்துல போகுதுன்னு அளக்குற சீட்டாம் அது. தூக்கம் வருதா, வேலை ஓடுதா, நாலு பேரோட பழகுறீங்களான்னு கேள்வி. ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு கட்டம், ஒண்ணுல டிக். கூட்டினா நூத்துக்கு இத்தனைன்னு வரும். அதோட விட்டாங்களா? மார்க் ஏறிட்டா 'குணமாயிட்டாங்க'ன்னு முடிவு. மாசாமாசம் டாக்டரைப் பார்த்துக்கிட்டு இருந்தவங்களை ஆறு மாசம் கழிச்சு வான்னு தள்ளிடுவாங்க. அங்கதாங்க எனக்கு அடிவயிறு எரிஞ்சுச்சு.

டென்னிஸ் ஆடுவீங்களா?

காப்பார் பக்கம் எண்ணெய் ஆலைக்கு செம்பனைக் குலை வெட்டுற மாரிமுத்து வந்தாரு. தோள் ரெண்டும் லோரி டயர் மாதிரி. முதல் பக்கம் பூரா உடம்பைப் பத்திதான். கனமான சாமான் தூக்க முடியுமா? முடியும். ரெண்டு மாடி ஏற முடியுமா? முடியும். டென்னிஸ் ஆட முடியுமா? மனுஷன் என்னைப் பார்த்தாரு, நான் சீட்டைப் பார்த்தேன். ஆக்டிங் வேணாம்னு டாக்டர் சொல்லியிருந்தும், எழுந்து நின்னு மட்டையை வீசிக் காட்டினேன். "ஈ அடிக்கிற மாதிரிதானேக்கா? முடியும்." டிக்.

முதல் பக்கம் முழு மார்க்! இந்த ஆளு மூணு வாரமா வேலைக்குப் போகல. குளிக்கல. பெத்த புள்ளைங்க கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்கல. சீட்டைப் பார்த்தா அடுத்த வாரம் ஒலிம்பிக் போற ஆளு மாதிரி இருக்கு. பேனாவைக் கீழ வச்சுட்டு, "எல்லாம் முடியும்ங்கிறீங்க, அப்புறம் ஏன் வேலைக்குப் போகல?"ன்னு நானே கேட்டேன்.

மாரிமுத்து தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னாரு: "செம்பனைக் குலையத் தூக்கிடுவேன்க்கா, காலையில பாயிலேருந்து என்னையத்தான் தூக்க முடியல."

கிராணி அங்கிள்

ரிட்டையரான யாழ்ப்பாணத்து கிராணி அங்கிள் ஒருத்தர், கிராணின்னா கிளார்க்கு. ஆபீசுல நாற்காலி ஆடினாக்கூட நோட்டீஸ் எழுதின மனுஷன். டை கட்டிக்கிட்டு வந்து உக்காந்தாரு. "நோயினால சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறது குறைஞ்சிருக்கா?"ன்னு கேட்டேன். சீட்டை வாங்கி, கண்ணாடியைத் துடைச்சு, மேலயும் கீழயும் தேடினாரு. இந்த கிளினிக்குக்கு வர்ற விஷயம் தெரிஞ்சதுலேருந்து சொந்தக்காரங்க வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகூட வர்றதில்லையாம்.

அப்புறம் கேட்டாரே ஒரு கேள்வி, அதை அவர் குரல்லயே நான் இன்னிக்கும் சொல்லிக் காட்டுவேன்: "பிள்ளை, நான் போறது குறையேல்ல, அவையள் வாறதுதான் நிண்டு போச்சு, அதுக்கு எந்தக் கட்டத்தில கீறுறது?"

புருஷன் சொன்ன பதில்

இப்ப கமலா கதைக்கு வரேன். அந்தப் பொண்ணுக்காகத்தான் இவ்வளவும் எழுத உக்காந்தேன். பேக்டரியில தையல் மிஷின்ல இருந்த பொண்ணு. ஒரு நாள் மிஷின் முன்னால உக்காந்தவ, கையைத் தூக்கவே இல்லையாம். அதுலேருந்து மாசாமாசம் எங்க கிளினிக். டாக்டரோட பேசுற அந்தக் கால் மணி நேரம்தான் அவ வாயைத் திறக்கிற நேரம். அந்த ஒண்ணுதான் அவளைப் புடிச்சு வச்சிருந்துச்சு.

கூட வர்றது புருஷன் சின்னப்பன், லோரி டிரைவர். நான் கேள்வியை முடிக்கிறதுக்குள்ள ஹாரன் அடிப்பாரு. "மனசு சோர்வா இருந்துச்சா?" "இல்ல!" "படபடப்பா இருந்துச்சா?" "அதெல்லாம் இல்லக்கா, தலைவலிதான்!" "தம்பி, தலை யாரோடது?"ன்னு கேட்டு, காப்பி கடைக்குப் போய் ஒரு தே தாரிக் குடிச்சிட்டு வாங்கன்னு துரத்தினேன். அவர் போனப்புறம் கமலா உள்ளதைச் சொன்னா. முப்பத்தெட்டு வந்துச்சு.

அந்த முப்பத்தெட்டை யாரோ புண்ணியவான் அவ அப்பாயிண்ட்மென்ட் கார்டு மேலயே கொட்டை எழுத்துல எழுதி வச்சிட்டான். ஆட்டுத் தொடைக்குக்கூட விலையை உள்பக்கமா எழுதுவாங்களே! திரும்பி வந்த சின்னப்பன் கார்டைப் பார்த்துட்டு, நடைபாதையே திரும்பிப் பாக்குற மாதிரி கத்தினாரு: "முப்பத்தெட்டா? அவளுக்கு என்னக்கா கொறச்சல்? டிவி இருக்கு, பிரிட்ஜ் இருக்கு, நான் இருக்கேன்!"

பரீட்சைக்கு வந்த கமலா

அடுத்த தடவை கமலா வந்தா பாருங்க. தீபாவளிப் புடவை, தலை நிறையப் பூ, நெத்தியில புதுப் பொட்டு. கேள்வியை நான் பாதி படிக்கிறப்பவே பதில் வருது. தூக்கம்? நல்லா வருது. சாப்பாடு? நல்லா சாப்பிடுறேன். சந்தோஷமா இருக்கீங்களா? எப்பவும் சந்தோஷம். வாய் எப்பவும் சந்தோஷம்ங்குது, கண்ணு ரெண்டும் குழாய் மாதிரி ஒழுகுது. புடவைத் தலைப்பால தொடைச்சுக்கிட்டே, "அடுத்த கேள்வி கேளுங்கக்கா"ங்கிறா.

"கமலா, உண்மையைச் சொல்லும்மா, இது பரீட்சை இல்ல"ன்னேன். தலையை ஆட்டினா, ஆனா பதிலை மாத்தல. அவ சொன்னபடி டிக் போடணும், அதுதான் சட்டம். எண்பத்து ரெண்டு வந்துச்சு. இந்த மார்க்குக்கு ஆறு மாசம் கழிச்சுத்தான் டாக்டர்னு எனக்குத் தெரியும், எவ்வளவு சொல்லியும் அது அவ காதுல ஏறல.

சீட்டை எட்டிப் பார்த்து, குரலைத் தணிச்சுக் கேட்டா: "இந்தத் தடவை பாஸ்தானேக்கா?"

டாக்டருக்கு சந்தோஷம்

சீட்டைத் தூக்கிக்கிட்டு டாக்டர் ரூமுக்கு ஓடினேன். அவர் எண்பத்து ரெண்டைப் பார்த்து, லாட்டரி அடிச்ச மாதிரி சிரிக்கிறாரு. "வெரி குட் இம்ப்ரூவ்மென்ட்!" பக்கத்துல மிஸ்ஸி ரொஹானி ஆறு மாசம் தள்ளி தேதி எழுத ஆரம்பிச்சிட்டாங்க. "டாக்டர், அவ பொய் சொல்றா. அழுதுக்கிட்டே சந்தோஷம்ங்கிறா. வெளிய வந்து ஒரு தடவை பாருங்க"ன்னு சத்தம் போட்டேன். நடிச்சுக் காட்டலங்க அன்னிக்கு. நிசமாவே கத்தினேன். வெளிய கியூவில அறுபது பேரு, உள்ள இவர் ஒரே ஆளு, அதுவும் எனக்குத் தெரியும். தெரிஞ்சா கோவம் வராதா?

டாக்டர் சீட்டை என் பக்கம் திருப்பி, இடியப்பத் தமிழ்ல சொன்னாரு: "பாக்கியம், கண்ணீருக்குன்னு இதுல கட்டம் இல்லையே லா."

நாற்காலி மாறினப்ப

வெளிய வந்தா, சின்னப்பன் ஆறு மாசக் கார்டை வச்சுக்கிட்டு மத்தவங்களுக்கு கறிபாப் பலகாரம் வாங்கிக் கொடுத்துக்கிட்டு இருக்காரு. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். "தம்பி, உங்களுக்கும் ஒரு டெஸ்ட்டு, உக்காருங்க"ன்னு நோயாளி நாற்காலியில உக்கார வச்சேன். டாக்டர் மாதிரியே மூக்கால ஆரம்பிச்சேன். "மிஸ்டர் சின்னப்பன், டென்னிஸ் ஆடுவீங்களா?" நடைபாதை பூரா சிரிப்பு. அவரும் சிரிச்சாரு. "மனைவியோட பேசுவீங்களா?" "பேசுவேன் டாக்டர்!" "போன மாசம் நிம்மதியா தூங்குனீங்களா?"

சின்னப்பன் வாயைத் திறந்தாரு. ஹாரன் வரல. நான் டாக்டர் குரலை விட்டுட்டு, என் குரல்லயே மறுபடி கேட்டேன். கறிபாப்பைக் கையில வச்சுக்கிட்டே சொன்னாரு: "எங்கக்கா தூங்குறது? அவ எந்திரிச்சா நானும் எந்திரிக்கிறேன். வீட்டுல இருந்த பூச்சி மருந்தெல்லாம் எடுத்து லோரியில பூட்டி வச்சிருக்கேன்." பக்கத்துல இருந்த கமலா அவரை நிமிர்ந்து பார்த்தா. அது அவளுக்குத் தெரியாது. "வெளிய சொன்னா பைத்தியக்காரி புருஷன்னு சொல்லுவாங்கன்னு..."ன்னு இழுத்தாரு. கமலா அவர் கையிலேருந்து கார்டை வாங்கினா. அவர் சட்டையைப் புடிச்சு எழுப்பினா. ரெண்டு பேரும் கியூவையெல்லாம் தாண்டி டாக்டர் ரூமுக்குள்ள போனாங்க, நானும் பின்னாலயே.

பூச்சி மருந்து விஷயத்தை சின்னப்பனே சொன்னாரு. டாக்டர் பேனாவை மூடி வச்சுட்டு, அன்னிக்கு முதல் தடவையா கமலா முகத்தைப் பார்த்தாரு. ஆறு மாசத்தை அடிச்சுட்டு, அடுத்த வாரமே வரணும்னு அவர் கையாலயே எழுதினாரு. ஆனா அந்த எண்பத்து ரெண்டு? சீட்டு ஏற்கெனவே மேலிடத்துக்குப் போற பையில விழுந்துடுச்சாம், எடுக்க முடியாதாம். அந்தப் புள்ளிவிவரத்துல கமலா இன்னிக்கும் எப்பவும் சந்தோஷம்தான்!

நான் அதுக்கு மறுபடி கத்த வாயெடுத்தேன். கமலா என் கையைப் புடிச்சு நிறுத்தினா. புதுக் கார்டை டாக்டர் பக்கமா நீட்டி, அந்த ரூம்ல அன்னிக்குத்தான் நிமிர்ந்து பேசினா: "இதுல ஃபெயில்னு எழுதிக்கொடுங்க டாக்டர், நான் வரேன்."

இப்பவும் யாராவது என்னைப் பார்த்து "எப்படி இருக்கே பாக்கியம்"னு கேட்டா, பதிலைக் கேக்க உனக்கு நேரம் இருக்கான்னு நான் திருப்பிக் கேக்குறதுக்குப் பேரு திமிரு இல்லீங்க, சர்வீஸ்.