கொஞ்சம் பரவால்லீங்க

என் தொழில் மெடிக்கல் கோடிங். கொழிஞ்சாம்பாறையில் மாட்டுத்தீவன மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, முகம் தெரியாத அமெரிக்கர்களின் நோய்களுக்குக் குறியீடு போடுகிறேன். காசநோய் இப்போது இருந்தால் ஏ-யில் தொடங்கும் குறியீடு. வந்து குணமாகியிருந்தால் இசட்டில் தொடங்குவது. எது என்று நானாக ஊகிக்கக் கூடாது. பரிசோதனைத் தாளைப் பார்த்தும் முடிவு செய்யக் கூடாது. டாக்டர் எழுதியதுதான் வேதம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதைக் கொஞ்சம் கர்வத்தோடே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

என் மனைவிக்குக் காசநோய் வந்தது. மருந்தை ஒருவேளை விடாமல் தின்று முடித்தாள். சளியில் கிருமி இல்லை என்றாகிவிட்டது. பள்ளிக்கூடச் சமையல் வேலைக்குத் திரும்ப வேண்டும், அவள் கேட்டது அவ்வளவுதான். அந்த அடுப்படியில் அவள் பெரிய மனுஷி. இங்கே வெறும் என் மனைவி. ஆனால் ஆஸ்பத்திரி கொடுத்த சான்றில் ஏ நின்றது. பள்ளியில் கையை விரித்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியின் கோடிங் பிரிவில் போய்ச் சண்டை போட்டேன். டாக்டர் குணமானதாக எங்கும் எழுதவில்லை, நாங்கள் ஊகிக்க முடியாது என்றாள் அங்கிருந்த பெண். என் பாடத்தை என்னைவிடத் தெளிவாக ஒப்பித்தாள்.

டாக்டரையும் குறை சொல்ல முடியவில்லை. எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டபோதெல்லாம் இவள் "கொஞ்சம் பரவால்லீங்க" என்றிருக்கிறாள். அவரும் 'முன்னேற்றம்' என்றே எழுதிவந்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் நன்றாயிருக்கிறேன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கண்பட்டுவிடும். தென்னை காய்த்துத் தள்ளினாலும் "ஏதோ இருக்குதுங்க" என்பதோடு சரி.

மறுபடி கூட்டிப்போனேன். "முழுசாச் சரியாயிருச்சுன்னு ஒரு வார்த்த சொல்லு புள்ள" என்று பஸ்ஸில் கெஞ்சினேன்.

"நீங்களே சொல்லிருங்க. நானே அத வாயத் தொறந்து சொல்லக் கூடாதுங்க. எனக்கு வாய் வராது."

நோயாளிதான் சொல்ல வேண்டும் என்று பெரிய நிபுணனாகப் பேசினேன். டாக்டர் முன்னால் தரையைப் பார்த்தபடி "சரியாயிருச்சுங்க" என்றாள். அவர் உடனே எழுதினார். ஏ போய் இசட் வந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

தலைமையாசிரியை புதுச் சான்றை நிதானமாகப் படித்தார்.

"இதுலயும் அந்த நோயோட பேரு இருக்குதல்லோ? புள்ளைங்க சாப்பிடற எடம். நா என்ன பண்றது, சொல்லுங்க."

குணமான நோயையும் பேர் சொல்லித்தான் குணமானதாக எழுதுவோம். என் தொழிலில் அதற்கு வேறு வழியில்லை. நான் விளக்கத் தொடங்குமுன் அவர் மணியடிக்க எழுந்துவிட்டார்.

வெளியே சோறு வடிக்கும் வாசனை வந்தது. வேறு யாரோ வடிக்கிறார்கள். என் மனைவி அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"நாந்தான் சொன்னனில்லீங்க" என்றாள், "அத வாயத் தொறந்து சொல்லக் கூடாதுன்னு."