தகரத்துக்குக் கீழே செருகிய புல்

காற்றுக் காலம் வந்தால் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளியை மானாப்புல் செருகி அடைப்பார்கள். மலைச்சரிவில் ஆள் உயரத்துக்கு வளரும் புல் அது. செருகினால் குளிர் நிற்கும். அந்த வருடம் மகள் தும்மிக்கொண்டே இருந்ததால் என் மனைவி வழக்கத்தைவிட நிறையச் செருகினாள். புல் பூத்திருந்தது. பூவெல்லாம் மகளின் கட்டிலுக்கு மேலேயே தொங்கியது.

மகளுக்கு அப்போது, இதைப் படிக்கும் பள்ளிப் பிள்ளைகளான உங்கள் வயதுதான். ஒரு காலையில் எழுந்து உட்கார்ந்தவள், முழங்காலில் கையூன்றி மூச்சை இழுத்தாள். நெஞ்சுக்குள் விசில் ஊதுவது போலச் சத்தம். பேச முடியவில்லை. மூச்சுக்கு மூச்சு கழுத்துக் குழி உள்ளே போனது.

"பனி ஏறிருச்சுங்க. ஜன்னல சாத்துங்க, நான் இன்னும் கொஞ்சம் புல்லு வைக்கிறேன்" என்றாள் மனைவி.

பக்கத்துக் காம்பரா வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். "ஏன்டி, புள்ள இப்பிடிக் கெடக்கு, நீ புல்லு தேடுறியா? ஒம் புருசன் சும்மாதானே நிக்கிறாரு, அவர செருகு ஓட்டையில! புள்ளயத் தூக்கிக்கிட்டு ஓடுங்க தம்பி!"

ஓடினேன். பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் அவள் உதடு நீலம் பூத்தது. ஒவ்வொரு வளைவிலும், அடுத்த மூச்சு வருமா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க் வைத்து மருந்தை ஆவியாகக் கொடுத்தார்கள். விசில் மெல்ல அடங்கியது. பிறகு கிளினிக்குக்குப் போனபோது, ஒவ்வாமை இருக்கிறதா என்று பார்க்க டொக்டர் அவள் கையில் புல் மகரந்தச் சாறு ஒரு சொட்டு விட்டு லேசாகக் குத்தினார். கொசு கடித்தது போல அந்த இடம் தடித்தது. வீட்டில் புல் செருகிய கதையைச் சொன்னேன்.

"குளிர அடைக்கிறோம்னு வியாதியக் கொண்டுபோயி தலைமாட்டுல வச்சிருக்கீங்களே!" என்றார்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். நம் உடம்பில் கிருமிகளோடு சண்டை போடும் செல்கள் இருக்கின்றன. மகரந்தம் கிருமி அல்ல, பூவின் தூள். சிலருடைய செல்கள் மட்டும் அதை எதிரி என்று தவறாகப் படித்துக்கொள்கின்றன. அதைப் பிடிப்பதற்கென்றே ஓர் எதிர்ப்புப் பொருளையும் உண்டாக்குகின்றன. அது மூக்கிலும் மூச்சுக் குழாயிலும் இருக்கும் மாஸ்ட் என்ற வேறு வகைச் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். மறுபடி மகரந்தம் வந்து பட்டால் போதும், மாஸ்ட் செல் தன்னிடமுள்ள ஹிஸ்டமின் முதலான இரசாயனங்களைக் கொட்டிவிடும். மூக்கு ஒழுகும், மூச்சுக் குழாய் வீங்கி இறுகும்.

"அந்த செல்லுங்க இத மறந்துருமா டொக்டர்?"

"லேசுல மறக்காதுங்க."

அந்தப் பதில்தான் என்னை நடுங்க வைத்தது. கிருமி என்றால் மருந்து கொடுத்துக் கொன்றுவிடலாம். இது அவளுடைய சொந்தக் காவல் அல்லவா?

புல்லைப் பிடுங்கித் தூரமாகக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, இடைவெளியைப் பழந்துணியால் அடைத்தோம். மலையில் இருக்கும் புல்லை யார் பிடுங்குவது? அடுத்த காற்றுக் காலத்திலும் அது பூத்தது. மகள் டொக்டர் கொடுத்த இன்ஹேலரைப் பைக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினாள். நானும் கூடவே நடந்தேன்.

"என்னப்பா, எம் மூச்சையே கேட்டுக்கிட்டு நீங்க மூச்சு விடாம வாறீங்க? மொதல்ல நீங்க விடுங்க!"

விட்டேன். அவள் சிரித்தாள். சிரிப்பின் கடைசியில் சின்னதாக ஓர் இருமல் வந்தது. இருவரும் நின்று, அடுத்த மூச்சைக் கேட்டோம்.