படித்தேன், புரிந்துகொண்டேன்

எங்கள் மல்காஜ்கிரி அபார்ட்மெண்டில் ஐந்தாம் மாடி வித்யாலட்சுமிக்கு ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை. அங்கே கை கழுவுவதற்குக்கூட எழுத்தில் விதி உண்டாம். அந்த விதிகளை எழுதி, "படித்தேன், புரிந்துகொண்டேன்" என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவதுதான் பதினாலு வருஷமாக அவள் பிழைப்பு. படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாளாம்.

அவள் மகள் ஸ்ரேயாவுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம். காலை ஏழரைக்கு ஸ்கூல் வேன் வரும். அந்த நேரத்தில் லிஃப்ட் நிறைய ஆட்கள், ஆளுக்கொரு போன் பேச்சு. குழந்தை காதைப் பொத்திக்கொண்டு கத்துவாள். நாலாம் மாடிக்காரியான நானும் முகம் சுளித்திருக்கிறேன், மறைக்க என்ன இருக்கிறது.

அசோசியேஷன் செயலாளர் ராஜாராமன் மத்திய அரசு நிறுவனத்தில் ரிட்டையர் ஆனவர். ஒரு நாள் வித்யாவை நிறுத்தி, "காலையில லிஃப்ட் நக்கோம்மா, வேண்டாம். ஒம்பது மணிக்கு மேல கூட்டிட்டுப் போங்க. இல்லாட்டி மீட்டிங்ல தீர்மானம் போடவேண்டி வரும்" என்றார். ஒன்பது மணிக்கு வேன் எங்கே இருக்கும்? படியில் இறங்கச் சொன்னால் ஸ்ரேயா பாதியில் உட்கார்ந்துவிடுவாள். வேன் போனால் குழந்தைக்குப் பள்ளிக்கூடம் போச்சு, அம்மாவுக்கு வேலை போச்சு.

வித்யா சண்டை போடவில்லை. படம் போட்டு எட்டுப் பக்கத்தில் ஒரு குழந்தைக் கதை எழுதி, வீடு வீடாகக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினாள். இருபத்துநாலு வீட்டிலும் போட்டோம். "பாவம், பொண்ணுக்குப் புத்தி சொல்ல எழுதியிருக்கா" என்று உச்சுக் கொட்டினோம். என் பிரதி ஃப்ரிட்ஜ் மேல் கிடந்தது.

மூன்று வாரம் கழித்து மீட்டிங். ராஜாராமன் எழுந்தார். "கதை எழுதிக் கொடுத்தும் குழந்தைகிட்ட ஒரு முன்னேற்றமும் இல்லியே!"

"அது குழந்தைக்கு எழுதினது இல்ல சார், உங்களுக்கு எழுதினது. நாலாம் பக்கத்துல என்ன இருக்கு, யாராவது சொல்லுங்க?" என்றாள் வித்யா.

இருபத்துநாலு கையெழுத்தும் தரையைப் பார்த்தன. அவளே படித்தாள்: "ஸ்ரேயாவுக்குக் கோபம் இல்லை, பயம். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினால் அவள் காதுக்குள் நாலு மிக்ஸி ஓடுகிறது. போனைப் பைக்குள் போட்டுவிட்டுப் பேசாமல் நின்றால் பயம் போய்விடும்."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு வாரம் பார்த்துவிட்டு முடிவெடுப்பது என்று கூட்டம் கலைந்தது.

மறுநாள் காலை நான் ஏறியபோது லிஃப்டில் ஏற்கெனவே ஆறு பேர் இருந்தார்கள். ஒருவர் வாயிலும் சத்தம் இல்லை. ராஜாராமன் பையில் போன் துடித்தது, அவர் எடுக்கவில்லை. ஸ்ரேயா இறங்குகிற எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை காதுப்பக்கம் போகவே இல்லை. கீழே வந்ததும் எங்களுக்கு டாட்டா காட்டிவிட்டு வேனில் ஏறினாள்.

வேன் கிளம்பியதுதான் தாமதம், ராஜாராமன் மார்பை நிமிர்த்தினார். "பாத்தீங்களா! ஒரே நாள்ல பொண்ணு என்னமா திருந்திடுத்து! இனிமே தீர்மானமே வேண்டாம்."

"ஹவ் சார், நல்ல முன்னேற்றம்" என்று ஆமோதித்தாள் வித்யா. யாருக்கு என்று சொல்லவில்லை. எனக்கு நாக்கு துறுதுறுத்தது. பேசாமல் நிற்கக் கற்றுக்கொண்டு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லையே என்று அடக்கிக்கொண்டேன்.