மழைமணியில் மாற்றிய ஐ.சி.

வெளியூர்க்காரர்கள் நனைவதற்காகச் செலவு செய்து குற்றாலத்துக்கு வரும் அதே மாதங்களில்தான், தென்காசியில் இருக்கும் நாங்கள் துணியை நனையாமல் காப்பாற்றப் பாடுபடுகிறோம். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மலையிலிருந்து சாரல் கிளம்பி, சொல்லாமல் வந்து நனைத்துவிட்டுச் சொல்லாமல் போய்விடும். என் மனைவி பள்ளி ஆசிரியை. கஞ்சி போட்ட பருத்திச் சேலைதான் கட்டுவாள். ஒரு வாரத்துச் சேலைகள் ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் காயும். கஞ்சிச் சேலை பாதி காய்ந்த நிலையில் நனைந்தால் வீடு என்னவாகும் என்பதைக் கல்யாணமான முதல் சீசனிலேயே தெரிந்துகொண்டேன்.

அதற்காக நான் செய்ததுதான் மழைமணி. கல்லூரி நாளில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் பத்திரிகையிலிருந்து வெட்டி வைத்த சர்க்யூட். மாடியில் சீப்புப் பல் போலச் செம்புக் கோடுகள் ஓடும் ஒரு தகடு. அதில் துளி விழுந்தால் மின்சாரம் கசியும். கீழே பெட்டிக்குள் இருக்கும், சிறு மின்சாரத்தைப் பெருக்கும் 741 என்ற எட்டுக்கால் ஆப்-ஆம்ப் ஐ.சி. அதை உணர்ந்து பஸ்ஸரை அலற வைக்கும். இத்தனை வருஷத்தில் அது பொய் சொன்னதில்லை. மாடி அறையில் என் சால்டரிங் மேஜை இருப்பதற்கான ஒரே நியாயமும் அந்தப் பெட்டிதான். அங்கே கொடி கட்டித் துணியை உள்ளேயே காயப்போடலாம் என்பது மனைவியின் நெடுநாள் திட்டம். மணி தவறினால் மேஜை போகும் என்பது எங்களுக்குள் பேசாமலே ஆன ஒப்பந்தம்.

ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்ததை ஏன் தொட்டேன்? எல்லாம் வாட்ஸப் குழுவால்தான். பழைய சர்க்யூட்டுகளில் புது ஐ.சி.க்களைப் பொருத்தி இன்பம் காணும் நடுவயது ஆண்களின் குழு. மற்றவர்களுக்கு இந்த வயதில் பக்தி வரும், இல்லாவிட்டால் சர்க்கரை வரும். எங்களுக்கு இது வந்திருக்கிறது. மழைமணியின் படத்தைப் பெருமையாகப் போட்டேன். "இன்னுமா 741?" என்று ஒருவர் கேட்டார். பெல்பாட்டம் போட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போன மாதிரி கூசியது. உடனே ஒரு நவீன ஆப்-ஆம்ப் தருவித்தேன். கால்கள் அச்சாக அதே வரிசை. பழையதைப் பிடுங்கிப் புதியதைச் செருகிப் படமெடுத்துப் போட்டேன். குழு கைதட்டியது.

ஞாயிறு காலை, நல்ல வெயிலில் மணி அலறியது. மனைவி ஓடிப்போய்ச் சேலைகளை அள்ளிக்கொண்டு வந்தாள். மழை இல்லை. திரும்ப விரித்தாள். திரும்ப அலறியது. பக்கத்து வீட்டுக்காரர் தன் மாடியில் பல் தேய்த்தபடி, "என்ன அண்ணாச்சி, ஒங்க மாடியில மட்டும் தனியா சீசன் நடக்குதோ?" என்று விசாரித்தார்.

மேஜையில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் விளங்கியது. 741 பழைய காலத்து ஆபீஸ் ஊழியர் மாதிரி. வருவதில் கொஞ்சத்தைத் தான் எடுத்துக்கொண்டுதான் மிச்சத்தைக் கவனிக்கும். தகட்டில் கசியும் அற்ப மின்சாரத்தை அதுவே விழுங்கிவிடும். நிஜ மழை வந்தால்தான் அதன் பசி போக ஏதாவது மிஞ்சும். சர்க்யூட்டை வரைந்த மகான் அந்தப் பசியை நம்பி, அந்தக் கசிவை வடித்துவிட அங்கே போடவேண்டிய ஒரு ரெசிஸ்டரையே விட்டுவிட்டிருந்தார். புது ஐ.சி.யோ கைசுத்தம். எதையும் தொடாது. ஆகவே காற்றின் ஈரம் கொடுத்த மனுவைக்கூட அப்படியே மேலிடத்துக்கு அனுப்பியது. நேர்மையான ஒருவர் வந்து சேர்ந்ததும் ஆபீஸே அல்லோலகல்லோலப்படுவதை வேலையில் பார்த்திருக்கிறேன். வீட்டில் பார்த்தது அதுதான் முதல்முறை.

குழுவில் கேட்டேன். குறை ஐ.சி.யில் இல்லை, சர்க்யூட்டில், அதாவது என்னிடம் என்று தீர்ப்பு வந்தது. பெரிய மதிப்பில் ஒரு ரெசிஸ்டர் போட்டால் தீருமாம். பழைய 741ஐத் திருப்பிச் செருகினாலே தீரும்தான். ஆனால் அப்புறம் குழுவில் எந்த முகத்தோடு படம் போடுவது? கடைத்தெருவுக்குக் கிளம்பினேன்.

நான் போனதும் மணி மறுபடி அலறியிருக்கிறது. மனைவி ஸ்விட்சை அணைத்துவிட்டு விடைத்தாள் திருத்த உட்கார்ந்திருக்கிறாள். அதற்கப்புறம் வந்தது நிஜ மழை. கடையில் ரெசிஸ்டரின் வண்ணக் கோடுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்த நான் நிமிர்ந்தபோது தெரு நனைந்திருந்தது.

வீட்டில் சேலைகள் வாளியில் கூழாகக் கிடந்தன. அவள் குரலை உயர்த்தவில்லை. அது நல்ல அறிகுறி அல்ல.

"நாளைக்கு நான் எதைக் கெட்டிக்கிட்டுப் போக? ஒங்க ஐ.சி.யையா?"

கொஞ்சம் கழித்து, "பழசு நல்லாத்தான இருந்துச்சு. அது ஒங்கள என்ன செஞ்சுது?" என்றாள்.

குழுவில் யாரும் கேட்காத கேள்வி.

சாயங்காலமே மேஜை மாடிப்படிக்கு அடியில் இறங்கிவிட்டது. அறையில் குறுக்கும் நெடுக்கும் கொடிகள். படிக்கு அடியில் தலை இடிக்காமல் உட்கார்ந்து 741ஐப் பழைய இடத்தில் செருகினேன். ரெசிஸ்டர் சட்டைப்பையிலேயே இருந்து துவைக்கப் போய்விட்டது.

அடுத்த ஞாயிறு சாரல் வந்தது. முதல் துளிகளுக்கே மணி பிசகாமல் அடித்தது.

"சரியாத்தான் அடிக்குது," என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "ஆனா அங்கன என்ன கெடக்கு எடுக்க?"

ஒன்றும் இல்லை. சேலைகள் அறைக்குள் மின்விசிறிக் காற்றில் மொடமொடவென்று ஆடிக்கொண்டிருந்தன. ஆனாலும் கூப்பிட்ட குரலுக்கு யாராவது போகவேண்டுமே என்று நான் மாடி ஏறினேன்.